முன்னூற்று நாற்பதில் ஒரு குருவி

‘டிசம்பர் 6, புதன். நாள் 340. திருத்தணி மலைப்படி. நீலப் பூங்குருவி, ஆண், ஒன்று. பார்த்தவர்: பூக்கடை அம்மா. நான் அல்ல.’

என்னுடைய பதினெட்டாவது குளிர்கால நோட்டில் பச்சை மையில் இருக்கும் குறிப்பு இது. என் கண்ணால் பார்த்ததை நீல மையிலும், அடுத்தவர் சொல்லிக் கேட்டதைப் பச்சை மையிலும் எழுதுவது என் வழக்கம். வீட்டில் இதற்கு வியாதி என்று பெயர். முப்பத்திரண்டு வருடம் தபால் நிலையத்தில் தேதி முத்திரை குத்தியவன் நான். தேதி இல்லாத எதையும் என்னால் முழுதாக நம்ப முடியாது, கடவுள் உட்பட.

‘நாள் 340’ என்பதற்கும் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். ஜனவரி ஒன்று என் நோட்டில் நாள் 1, டிசம்பர் முப்பத்தொன்று நாள் 365. ஒரு பறவை போன வருடத்தைவிட எத்தனை நாள் தாமதமாக வந்தது என்று கழித்துப் பார்க்க இது வசதி. இந்த வசதியை இத்தனை வருடங்களில் என்னைத் தவிர ஒருவரும் பயன்படுத்தியதில்லை. எங்கள் ஊர் மலைக்கும் முன்னூற்று அறுபத்தைந்து படிகள், வருடத்துக்கு நாளுக்கு ஒன்றாக. இந்தக் கணக்குப்படி பிப்ரவரி 29 முருகனுக்கு விடுமுறை. லீப் வருடத்தில் ஒரு படி குறைகிறதே என்று கோயில் வாசலில் ஒருமுறை கேட்டேன். விபூதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நீலப் பூங்குருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைனாவைவிடச் சற்றுச் சிறியது. ஆண் பறவை தூரத்தில் பார்த்தால் கறுப்பு. வெயில் பட்டால்தான், புது ஸ்லேட்டில் ஈரத்துணி போட்டுத் துடைத்தது போல நீலம் தெரியும். வடக்கே மலைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இங்கே வந்து ஏதாவது ஒரு பாறைமேல் தனியாக உட்கார்ந்துகொள்ளும். கூட்டம் பிடிக்காது, யாரோடும் சேராது, கல்மேல் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லோரையும் ஒரு மாதிரியாகப் பார்க்கும். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்களில் இந்த ரகம் நிறைய உண்டு. பறவைகளில் எங்கள் பக்கம் அபூர்வம்.

அபூர்வப் பறவைகளைப் பார்க்க எங்கே போக வேண்டும் என்று சென்னையிலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள். அழகான இடத்துக்குப் போகக் கூடாது என்பதுதான் என் முதல் யோசனை. வாலாட்டிகளைப் பார்க்கவேண்டுமென்றால் சாக்கடை ஏரியில் கலக்கும் இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கவேண்டும். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டிய வயலில் காலை எட்டு மணிக்கு மேல் பூனைப்பருந்து தரையை உரசுவதுபோலத் தாழப் பறக்கும், அதற்குச் சேற்றில் இறங்கத் தயாராக இருக்கவேண்டும். அம்மையார்குப்பத்தில் விசைத்தறிச் சத்தத்தில் ஒரு பறவையின் குரலும் கேட்காது. ஆனால் பறவைகளுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. தறிக்கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தில் சூறைக்குருவிகள் கூட்டமாக இறங்கி ரோஜாநிறத்தில் சண்டை போடுவதை நான் மூன்று குளிர்காலத்தில் பார்த்திருக்கிறேன். மூன்றும் நீல மை.

பச்சை மை ஆபத்தானது. அதை நான் ஒருமுறை ஆர்.கே.பேட்டைப் பக்கம் கற்றிருக்க வேண்டும்.

அங்கே மாடு மேய்க்கும் ஓர் அம்மா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார்: “நைனா, அந்தப் பொதர்ல ஒரு பிட்ட கீது. இன்னா கலரு தெரியுமா, அவ்ளோ அழகு!”

பறவைக்காரர்களுக்குப் பிட்டா என்றால் ஒரே பறவை. ஒன்பது நிறத்தோடு, வாலே இல்லாமல், புதரடியில் சருகு கிளறும் ஆறுமணிக்குருவி. அதற்கு ஆங்கிலப் புத்தகத்தில் அதுதான் பெயர். நான் உடனே எங்கள் பறவைக்காரர்களின் வாட்சப் குழுவில் போட்டேன். மறுநாள் விடியற்காலை சென்னையிலிருந்து மூன்று கார் வந்தது. ஒன்பது பேர் வேலிகாத்தான் முள்ளில் தவழ்ந்தார்கள். ஒரு பேராசிரியரின் பேன்ட் முழங்காலில் கிழிந்தது. கடைசியில் அந்த அம்மாவே வந்து, கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்த ஒரு சாதாரண மீன்கொத்தியைக் காட்டினார். “இதோ கீது பிட்ட! இத்தப் பாக்கறதுக்கா காரு வெச்சிகினு வந்தீங்க?”

தெலுங்கில் பிட்ட என்றால் குருவி. எந்தக் குருவியும் பிட்டதான். ஆங்கிலேயர் அந்தச் சொல்லை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதை நான் படித்தும் இருக்கிறேன். படித்தது தக்க சமயத்தில் ஞாபகம் வராமல் இருப்பதற்கு அரை நூற்றாண்டு வாசிப்பு தேவைப்படுகிறது. அன்றிலிருந்து குழுவில் என் பெயர் ‘பிட்டா சார்’.

இந்தப் பெயரை வைத்தவர் அரக்கோணத்து நண்பர். ரயில்வேயில் வேலை, புதன்கிழமை வார ஓய்வு. புதன்தோறும் முக்காலியும் தொலைநோக்கியும் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர் மலைக்கு வந்துவிடுவார். எங்கள் ஊர்ப் பறவையை அவர் முதலில் பார்ப்பதில் எனக்கு வருத்தம் இல்லை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் நிலைமை கொஞ்சம் தீவிரமாயிற்று. மாவட்டத்துக் குளிர்காலப் பறவைகளுக்கு ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. தொகுப்பவர் சென்னையில் இருக்கும் ஓர் ஆசிரியை. சிரிக்காத, சலுகை தராத பெண்மணி. என்னுடைய பதினெட்டு வருட நோட்டுகளையும் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். கூடவே ஒரு வரி: ‘இன்னும் ஒரு தவறான பதிவு இருந்தாலும் மொத்தத்தையும் விட்டுவிடுவேன். ஏற்கெனவே ஒரு பிட்டா இருக்கிறது.’ பதினெட்டு வருடம் பனியிலும் குப்பைமேட்டிலும் நின்று எழுதியதெல்லாம் ஒரே ஒரு தப்பில் பழைய பேப்பர்காரனுக்குப் போய்விடும் என்பதுதான் அதன் பொருள்.

நண்பர் நீலப் பூங்குருவியை டிசம்பர் 13இல் மலையில் பார்த்ததாகப் படத்தோடு அனுப்பிவிட்டார். நான் ஜனவரி 3ஆம் தேதிதான் பார்த்தேன். மலை உச்சியில், வெளிச்சுவரின் கைப்பிடிமேல், கீழே போகிற பேருந்துகளை அது எண்ணிக்கொண்டிருந்தது. நீல மையில் எழுதிவிட்டு, இருபத்தொரு நாள் பிந்திவிட்ட கடுப்போடு இறங்கினேன்.

படியில் கடை வைத்திருக்கும் பூக்கடை அம்மாவை எனக்குப் பல வருடமாகத் தெரியும். நாற்பது வயது இருக்கும். தினமும் ஏறி இறங்குவதில், பேசும்போது மூச்சு வாங்காத ஒரே ஆள் அந்தப் படியில் அவர்தான். பக்கத்தில் தேங்காய்க் கடை, அது அவருடைய அக்கா புருஷன், அவர் வாயில் ‘பாவா’வின் கடை. என் நாள் எண் முறையை அவரிடம் ஒருமுறை விளக்கியிருக்கிறேன். “அப்ப இன்னைக்கு எத்தினி சார்?” என்று இரண்டு நாள் கேட்டுச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

“மேலே சுவத்துமேல ஒரு நீலக் குருவி தனியா உக்காந்திருக்கே, பார்த்தியாம்மா?” என்று கேட்டேன்.

“ஆங், அந்த மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீதே, அதுவா? அத்த நானு எப்பவோ பாத்துட்டேன் சார்.”

பையிலிருந்து நோட்டை வெளியே எடுத்தேன். சரியாக அந்த நேரம் சித்தூர் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் மேளத்தோடு ஏறிக்கொண்டிருந்தது. நான் கத்தினேன்: “எப்பம்மா பார்த்தே?”

அவரும் கத்தினார்: “முன்னூத்தி நாப்பதுல!”

“முன்னூத்தி நாப்பதுலயா? நல்லாத் தெரியுமா?”

“இன்னா சார், டெய்லி ஏறி எறங்கறவ நானு. எனுக்கு நெம்பரு தெரியாதா?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்புங்கள். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு மனுஷி என் நாள் எண் முறையில் எனக்குப் பதில் சொல்கிறாள். படியில் உட்கார்ந்தே விரல்விட்டு எண்ணினேன். நவம்பர் முடிய முன்னூற்று முப்பத்து நான்கு. ஆகவே டிசம்பர் 6. நண்பருக்கு ஒரு வாரம் முந்தி! பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தேன். இந்தக் கட்டுரையின் முதல் வரி அப்படித்தான் பிறந்தது.

அன்று சாயங்காலமே பட்டியல் தொகுக்கும் அம்மையாருக்கு அனுப்பினேன். குழுவிலும் போட்டேன், தேவையில்லாமல் ஒரு பூ படத்தோடு.

நண்பரின் பதில் ஐந்து நிமிடத்தில் வந்தது. எழுத்தில் அல்ல, குரலில்.

“பிட்டா சார், வணக்கம். ஆறாம் தேதி புதன்கிழமை. என் ஆஃபு. காலையில ஆறு மணிலேர்ந்து பத்து மணி வரைக்கும் மலையிலதான் நின்னுகினு இருந்தேன். அந்தக் குருவியும் இல்ல, உங்க பூக்கார அம்மாவும் இல்ல. கடையே தெறக்கல சார். மூடின கடைக்குள்ள உக்காந்துகினு எப்படிப் பாத்தாங்களாம்?”

அதற்குக் கீழே பதினோரு பேர் சிரித்திருந்தார்கள். பட்டியல் அம்மையார் சிரிக்கவில்லை. ‘புதனுக்குள் விளக்கம் தேவை’ என்று மட்டும் எழுதியிருந்தார். பொய்யன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொள்வது தபால்காரனுக்கு ஒட்டாத கவரைப் பிரித்துப் படிப்பது போலத்தான்.

அடுத்த புதன் காலை நண்பரே வந்துவிட்டார். தோற்பவனை நேரில் பார்க்க அவருக்கு ஆசை. எனக்கும் சாட்சி வேண்டியிருந்தது. இரண்டு பேரும் மூச்சுவாங்கப் பூக்கடை வரை ஏறினோம். அம்மா சாமந்தி கட்டிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, டிசம்பர் ஆறாம் தேதி நீ கடை தெறந்தியா?” என்று நண்பர் போலீஸ் மாதிரி ஆரம்பித்தார்.

“அந்த வாரம் பேஞ்ச மழையிலயா? எங்க அண்ணி ஊட்டுச் செவுரு உழுந்துட்ச்சின்னு ஆர்.கே.பேட்டைக்கி ஓடுனோம். நாலு நாளு கடையே இல்ல. கேளு பாவா கிட்ட.”

தேங்காய்க் கடைக்காரர் தலையை ஆட்டினார். நண்பர் என் பக்கம் திரும்பி, தொப்பியைக் கழற்றி ஒரு வணக்கம் வைத்தார்.

“அப்ப முன்னூத்தி நாப்பதுல பார்த்தேன்னு சொன்னியேம்மா!” என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

“ஆமா, பாத்தேன்.”

“முன்னூத்தி நாப்பதுன்னா டிசம்பர் ஆறுதானே?”

அந்த அம்மா பூவைக் கீழே வைத்தார். பிறகு கையை நீட்டி, கடைக்கு நாலு படி மேலே, ஓரமாகத் துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறையைக் காட்டினார்.

“முன்னூத்தி நாப்பது தோ அங்க கீது சார். நம்ம கடை முன்னூத்தி முப்பத்தாறு. எங்க பாத்தேன்னு கேட்ட, எங்க பாத்தேன்னு சொன்னேன்.”

“எப்ப பார்த்தேன்னு கேட்டேன்மா.”

“எனுக்கு எங்கன்னுதான் கேட்டுச்சி. மோளம் அடிச்சிகினு இருந்தானுங்க இல்ல?”

தேங்காய்க்காரருக்கு விஷயம் புரிய அரை நிமிடம் பிடித்தது. புரிந்ததும் உரித்துக்கொண்டிருந்த தேங்காயைக் கைநழுவ விட்டார். அது பத்துப் படி உருண்டு போய் ஒரு குரங்கிடம் சேர்ந்தது. “அய்ய சார்! படிய எடுத்துக் காலண்டர்ல ஒட்டிக்கினியா?”

நண்பர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படியே உட்கார்ந்தும் சிரித்தார். எழுந்திருக்க நான்தான் கை கொடுத்தேன்.

அவர்கள்மேல் தப்பே இல்லை. இந்தப் படியில் வியாபாரம் செய்கிறவர்களுக்குப் படி எண்தான் கதவு எண். மோர் வேண்டுமா, தொண்ணூறில். செருப்பு அறுந்துவிட்டதா, நாற்பதில் ஒருவர் இருக்கிறார். தமிழும் சேர்ந்து என் காலை வாரிவிட்டது. ‘சனிக்கிழமையில’, ‘சந்தையில’ என்று நேரத்துக்கும் இடத்துக்கும் ஒரே ‘ல’வை மாட்டிவிட்டிருக்கிறது நம் மொழி. அதை வைத்துக்கொண்டு இத்தனை காலம் யாரும் தடுமாறவில்லை. வருடத்தையே படியாகக் கட்டிவைத்த ஊரில், நாளுக்கு நம்பர் போட்டு எழுதுகிற ஒருவனால் மட்டும்தான் தடுமாற முடியும்.

“சரி, இடமாவது சரியான்னு பாப்போம்” என்றார் நண்பர். அவருக்குள்ளும் ஒரு தபால்காரன் உண்டு. கீழே இறங்கி, முதல் படியிலிருந்து ஆளுக்கு ஒரு கணக்காக எண்ணிக்கொண்டு ஏறினோம். எனக்கு அந்தப் பாறை முன்னூற்று நாற்பத்திரண்டில் வந்தது. அவருக்கு முன்னூற்று முப்பத்தேழு. திருப்பத்தில் இருக்கும் அகலமான கல்லைப் படி என்று சேர்ப்பதா என்பதில் சண்டை. அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “படிச்சவங்க ரெண்டு பேரு சேர்ந்தா படியே மாறுது பாரு பாவா” என்றார்.

பாறையில் பறவை இல்லை. வெள்ளைவெள்ளையாக எச்சம் மட்டும் இருந்தது, பழையதும் புதியதுமாக. ஒரே கல்லுக்குத் திரும்பத் திரும்ப வருகிற பறவைக்கான அடையாளம். நண்பர் குனிந்து அதை மரியாதையோடு படமெடுத்துக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே பக்திப் பாட்டு போட்டுக்கொண்டிருந்த ஒலிபெருக்கிக் குழாயின்மேல் அது வந்து உட்கார்ந்தது. நல்ல வெயில். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். நான் நண்பரின் தோளைத் தட்டினேன். அவர் எச்சத்திலிருந்து நிமிர்வதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. நிசப்தம் பொறுக்காமல் பறவை பறந்துபோயிற்று. அவர் பார்த்தது வால் மட்டும். அந்த ஒரு வாரத்தில் எனக்குக் கிடைத்த ஆறுதல் அதுதான்.

இறங்குமுன் கடைசியாக ஒருமுறை கேட்டேன். இந்தத் தடவை மேளம் இல்லாத நேரம் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக.

“எப்ப, எப்ப, எப்ப பார்த்தேம்மா?”

“கிருத்திகை அன்னைக்கி சார். கூட்டம் சொல்லி மாளாது. ஜனங்க தள்ளிகினு போறாங்கோ, இது மட்டும் கல்லுமேல நவுராம குந்திகினு கீது.”

“எந்தக் கிருத்திகை? கார்த்திகை மாசமா, மார்கழியா?”

“மாசாமாசம் வருது. எனுக்கு எல்லாம் ஒரே கூட்டம், ஒரே பூவு.”

தேங்காய்க்காரர் கார்த்திகை என்றார். அம்மா அவரை மடக்கினார்: “நீ அன்னைக்கி மலைக்கே வர்ல, ஜொரம்னு படுத்துகினு இருந்த. வாய மூடு.”

வீட்டுக்கு வந்து பட்டியல் அம்மையாருக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். மேளம், ‘எங்க’, ‘எப்ப’, குரங்கு கொண்டுபோன தேங்காய் எல்லாம். என் பதிவை நீக்கிவிடவும், நண்பரின் டிசம்பர் 13தான் முதல் தேதி என்றும் எழுதினேன். அந்த வரியை எழுத மட்டும் கால் மணி நேரம் ஆயிற்று. எழுதி முடித்ததும் பதினெட்டு நோட்டுகளையும் பரணில் ஏற்றிவிடலாம் என்று அட்டைப்பெட்டி தேடினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது: ‘டிசம்பர் 6 குறிப்பின் படம் ஒன்று அனுப்பவும்.’ அனுப்பினேன். மறுபடியும் ஒரு வரி: ‘இது ஏன் பச்சையில் இருக்கிறது?’

விளக்கினேன். மறுநாள் வந்தது: ‘பிட்டா?’

அந்த நோட்டையும் தேடி எடுத்துப் படம் பிடித்தேன். பச்சை. ‘பார்த்தவர்: மாடு மேய்க்கும் அம்மா. நான் அல்ல.’

‘அப்படியானால் உங்கள் நீல மையில் இதுவரை ஒரு தவறும் இல்லை’ என்று எழுதினார் அம்மையார். ‘நீலம் அனைத்தையும் எடுத்துக்கொள்கிறேன். பச்சையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் பூ படம் போட வேண்டாம்.’

பெட்டியை மறுபடி மடித்து வைத்தேன். நீல மைக் குறிப்புகளைப் பிரித்துப் படி எடுத்து அனுப்ப எனக்குப் பங்குனி வரை ஆயிற்று. அரக்கோணத்து நண்பர் இரண்டு புதன்கிழமை வந்து உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தார். வாசிக்கும்போது அவர் கண்டுபிடித்த பிழைகள் நான்கு, எல்லாம் எழுத்துப்பிழை. பிட்டா சார் என்ற பெயர் மட்டும் போகவில்லை. இப்போது அதோடு ‘முன்னூத்தி நாப்பது’ என்பதும் சேர்ந்திருக்கிறது.

பச்சைக் குறிப்பை நான் அடித்துவிடவில்லை. தேதியை மட்டும் கோடிட்டுவிட்டுப் பக்கத்தில் திருத்தி எழுதியிருக்கிறேன்: ‘கிருத்திகை. படி 340, பூக்கடை அம்மா கணக்குப்படி. என் கணக்கில் 342, நண்பர் கணக்கில் 337.’ அது கார்த்திகை மாதத்துக் கிருத்திகையாக இருந்தால், இந்தப் பறவையை அந்தக் குளிர்காலத்தில் மலையில் முதலில் பார்த்தவர் சாமந்தி கட்டும் ஒரு பெண்மணி. மார்கழியாக இருந்தால் நண்பர். எந்த மாதம் என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.